எட்டு நிமிஷம் முன்னால்

நாலு சர்வரும் ஒரே மணியைச் சொல்கின்றன. தில்லியில் ஒன்று, மும்பையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாத நாலாவது ஒன்று. ஒன்றை ஒன்று பார்த்ததில்லை, கேட்டுக்கொண்டதில்லை, ஆனாலும் நான் எப்போது கேட்டாலும் இமைப்பொழுதுகூடப் பிசகாமல் ஒரே பதில். மேஜைக்கு அடியில் தூசி பிடித்துக் கிடக்கிற எங்கள் பழைய சர்வர் மட்டும் எட்டு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. அதற்கு அது தெரியாது. எப்போதோ யாரோ அதன் வெளி இணைப்பை அறுத்துவிட்டார்கள், அதன் பிறகு தன் மணியே மணி என்று நம்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முந்தி முந்தி இங்கே வந்து நிற்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் அதைத்தான் கேட்டன. எல்லாம் சேர்ந்து தப்பாக ஓடினால் யாருக்கும் சண்டை வராது. லேபில் புது மெஷின் வந்து, அது வெளியே கேட்டுத் தன் மணியைச் சரியாக வைத்துக்கொண்ட பிறகுதான் சண்டை வந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ரிசல்ட் வந்ததாகக் காட்டியது. லேப்காரர்கள் வார்டு தப்பு என்றார்கள், வார்டுக்காரர்கள் லேப் தப்பு என்றார்கள், மேனேஜர் சந்திரபோஸ் சார் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா வடிவு, கடிகாரம் பாக்கக்கூடத் தெரியாதா நமக்கு? ஒரு நல்ல சர்வரா பாத்துப் போட்டுவிட்டா முடிஞ்சுது” என்றார். ஒன்று போதாது சார் என்றேன். ஒன்றுதான் இருந்தால் அது தப்பினாலும் நமக்குத் தெரியாது. “அப்ப ரெண்டு போடு.” ரெண்டு போட்டால் இன்னும் மோசம் சார், ரெண்டும் வேற வேற சொன்னால் யாரை நம்புவது? மூணு இருந்தால் ரெண்டு சேர்ந்து ஒன்றைக் கழித்துவிடும், அதில் ஒன்று படுத்துக்கொண்டால் மறுபடி ரெண்டாகிவிடும், அதனால் நாலு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மணி கேக்குறதுக்கு நாலு பேரா. சரி, என்னமோ பண்ணு. புதன்கிழமைக்குள்ள முடி, ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்க.” இன்று புதன்கிழமை.

காலையிலிருந்து ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டு வந்தேன். பார்மசி, ஸ்கேன், பில்லிங், வார்டுகள், ரிசப்ஷனில் தொங்குகிற பெரிய கடிகாரம். ஒவ்வொன்றும் எட்டு நிமிஷம் பின்னால் போய் நின்றபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பில்லிங்கில் ஒருத்தி மட்டும் “அக்கா, லஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்கா!” என்று போன் பண்ணி அலுத்துக்கொண்டாள். மீதி இருப்பது ஆபரேஷன் தியேட்டர் மட்டும். அங்கே சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடுகிற கடிகாரம், பக்கத்தில் டாக்டர்கள் எழுதுகிற கம்ப்யூட்டர், ரெண்டும் இன்னும் மேஜைக்கு அடியில் கிடக்கிற இந்தக் கிழத்தைத்தான் கேட்கின்றன. ஒரு வரிதான். தட்டி என்டரை அழுத்தினால் முடிந்தது. அந்த வரியைத் தட்டிவிட்டு அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை இது, பேஸ்மென்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய இடம். ஏசி காற்று நேராகப் பிடரியில் விழுகிறது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறேன், பல் கிட்டிக்கொள்கிறது, இது குளிர்தானா என்று தெரியவில்லை. ரெண்டு மாடி மேலே, தியேட்டர் டேபிள்மேல், என் தங்கை தேன்மொழி படுத்திருக்கிறாள்.

நான் அங்கே போகக்கூடாது. யாரும் கதவைப் பூட்டவில்லை. கையில் அட்டை இருக்கிறது, காட்டினால் கதவு திறக்கும், படியேறினால் மேலே. ஆனால் போகக்கூடாது. காலையில் கேன்டீனில் அம்மா எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. “வடிவு, நீ வேலையா கீழயே இருப்பேல்ல?” “ஏம்மா?” “இல்ல, சம்பந்தி மேல உக்காந்திருக்காரு. அவரு ஒரு மாதிரி. குழந்தை முகம் பாக்குற வரைக்கும்…” “நான் வந்தா என்னாகும்?” “ஒண்ணும் ஆகாதுடி. எனக்குத் தெரியாதா? அவரு எதையாச்சும் சொல்லிட்டா தேனு மனசு கஷ்டப்படும். அதுக்குத்தான் சொல்றேன்.” நான் இட்லியை மென்றேன். சாம்பாரில் உப்பு கம்மி. “சரிம்மா, எனக்கும் வேலை இருக்கு” என்றேன். அம்மாவுக்கு முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் தாங்க முடியவில்லை. நான் இங்கே எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், மேலே உட்கார்ந்திருக்கிற சம்பந்தி பெருமாள்சாமிக்கு இன்றைக்குத்தான் இந்தப் படிக்கட்டே தெரியும், ஆனால் அவர் மேலே, நான் கீழே. மூல நட்சத்திரம் நான். மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது. எனக்கு மாமனாரே வாய்க்கவில்லை, அதனால் தங்கையின் மாமனாரும் தள்ளியே உட்காருகிறார்.

மூலம்கூட நிச்சயமாகத் தெரியாது. நான் பிறந்த அன்று நட்சத்திரம் மாறுகிற நேரம். கொஞ்சம் முன்னால் என்றால் கேட்டை, கொஞ்சம் பின்னால் என்றால் மூலம். மணி பார்த்தது அப்பா. அப்பா மில்லுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று கைக்கடிகாரத்தை எப்போதும் தள்ளி வைத்திருப்பார், பத்து நிமிஷமோ கால் மணியோ, அவருக்கே கணக்கில்லை. நர்ஸ் வெளியே வந்து பொண்ணு என்றபோது கையைத் திருப்பிப் பார்த்தார், பார்த்ததை ஜோசியரிடம் சொன்னார். கழித்துச் சொன்னாரா, கழிக்காமல் சொன்னாரா? நாலாவது மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு கேட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கழிச்சுத்தான் சொல்லியிருப்பேன்” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “கழிச்சிருப்பேன்ல?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு எப்படித் தெரியும், அவள் உள்ளே கிடந்தாள். கேட்டையாக இருந்தால் மட்டும் என்ன, அது மூத்த மச்சினனுக்கு ஆகாதாம். ஆனாலும் தலைச்சன் பையனாகப் பார்த்துக் கட்டியிருக்கலாம், அவனுக்கு ஏது அண்ணன்? நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாமலே முப்பத்தெட்டு வயதுவரை அதற்குள்ளேயே இருந்திருக்கிறேன். நம்பாதவளையும் அது விடுவதில்லை.

இன்று ஒன்றரை வரை ராகு காலம். அது முடிந்ததும் குழந்தையை எடுக்க வேண்டும் என்று பெருமாள்சாமியின் ஜோசியர் சொல்லியிருக்கிறார். போன மாசமே தேதி குறித்தாகிவிட்டது. தேனுவுக்கு இன்று விடியும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. டாக்டர் ரெஜினா பார்த்துவிட்டு, இப்பவே எடுத்துடலாமே என்றார், பெருமாள்சாமி கையைக் கூப்பியபடி, “இன்னைக்குத்தானே நாள் குறிச்சிருக்கோம் டாக்டர், மத்தியானம் வரைக்கும்தானே, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா” என்றார். கும்பிட்டுக்கொண்டே கேட்கிற ஆளிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம். துடிப்பு நல்லாத்தான் இருக்கு, காத்திருக்கலாம், ஆனா ஏதாவது மாறினா நான் கேக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேனுவை யாரும் கேட்கவில்லை. அவள் கணவன் சுரேந்தர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். நல்ல பையன்கள் செருப்பைப் பார்ப்பார்கள். போன தடவை ஏழாம் மாசத்தில் இதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் துடிப்பைத் தேடித் தேடி, ஸ்கேன் எடுக்கிற பெண் ஜெல்லை இன்னும் கொஞ்சம் பிதுக்கி, மறுபடி தேடி, ஒன்றும் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிடப் போனபோது தேனுவின் கையை நான் பிடித்திருந்தேன். அன்றைக்கு யாருக்கும் என் நட்சத்திரம் ஞாபகம் வரவில்லை. எல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் வந்தது.

இன்டர்காம் அடிக்கிறது. எப்சிபா. தியேட்டர் சிஸ்டர், திசையன்விளைக்காரி, சத்தமாகப் பேசினால்தான் பேசிய மாதிரி என்று நினைக்கிறவள், இப்போது தணிந்து பேசுகிறாள். “வடிவுக்கா, தங்கச்சிக்கு முதுகுல ஊசி போட்டாச்சு. நல்லாத்தான் இருக்காங்க. உங்களக் கேட்டுட்டே இருக்காங்க.” “ஊசி போட்டாச்சா? அப்ப ஆரம்பிச்சிட்டாங்களா?” “எங்க ஆரம்பிக்க? எல்லாம் ரெடி. மேடம் கையைக் கழுவி கிளவுஸ் மாட்டிட்டு கடிகாரத்தையே பாத்துட்டு நிக்கிறாங்க.” “துடிப்பு?” “ஊசி போட்ட உடனே கொஞ்சம் இறங்குச்சு. வந்துருச்சு. அது வழக்கமா வர்றதுதான். ஸ்பீக்கர்ல போடுறேன், ஒரு வார்த்தை பேசுங்க.” கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குள் தேனு. “அக்கா.” “சொல்லுடா.” “என் காலு எங்க இருக்குன்னே தெரியலக்கா.” “அது மருந்து. அப்புறம் வந்துரும்.” “மேல வாயேன்.” வர்றேன் என்று சொல்லவில்லை, வரமுடியாது என்றும் சொல்லவில்லை. “கீழ உன்னோட கடிகாரத்தைத்தான் சரி பண்ணிட்டிருக்கேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சிரித்த மாதிரி ஒரு மூச்சு கேட்டது. “சீக்கிரம் ஓட விடுக்கா” என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பயந்தால் அவள் விளையாட்டாகப் பேசுவாள், சின்ன வயதிலிருந்தே. ஆனால் திரையில் நான் தட்டி வைத்திருக்கிற வரி கடிகாரத்தை ஓடவிடாது, எட்டு நிமிஷம் பின்னால் இழுக்கும். இப்போது தியேட்டரில் மணி ஒன்றே கால் தாண்டியிருக்கும். நிஜத்தில் ஒன்றேகாலுக்கு இன்னும் இருக்கிறது. நான் என்டரை அழுத்தினால் சரியான மணி வந்துவிடும், டாக்டர் ரெஜினா கிளவுஸ் மாட்டிய கையைத் தூக்கிக்கொண்டு இன்னும் எட்டு நிமிஷம் கூடுதலாக நிற்பார், என் தங்கை கால் இல்லாமல் மல்லாந்து கிடப்பாள். அழுத்தாவிட்டால் தப்பான மணிக்குக் குழந்தை பிறக்கும், நிஜத்தில் ராகு காலத்துக்குள்ளேயே. ராகு காலத்தில் பிறந்தால் என்ன? ஒன்றுமில்லை. உலகத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிள்ளைகள் பிறக்காமலா இருக்கின்றன? ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மனசு கணக்குப் போடுகிறது, என்ன நட்சத்திரம் இன்றைக்கு, எத்தனை மணி வரை. ச்சீ. இந்தக் கணக்கை எனக்குள் யார் வைத்தார்கள்? கையை மேஜைக்கு அடியில் இடுக்கி வைத்துக்கொண்டேன். விரல் ஜில்லென்று இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு, மேடம் உங்க கடிகாரம் தப்பு என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் காத்திருப்பார். மேடம் நேரத்தை விடுங்க, எடுங்க என்று சொல்லலாம். நீ யாரும்மா என்பார். நான் யார்? கம்ப்யூட்டர் பார்க்கிறவள். மேலே போய் பெருமாள்சாமி முன்னால் நிற்கலாம். அவர் எழுந்து தள்ளி நிற்பார், அம்மா என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிவருவாள், அதற்குள் அந்த எட்டு நிமிஷம் போய்விடும்.

மேனேஜர் போன். “வடிவு, தியேட்டர் மட்டும் சிவப்பா காட்டுதே ஸ்கிரீன்ல. மாத்தலையா?” “உள்ள கேஸ் நடக்குது சார். முடிஞ்சதும் மாத்துறேன்.” “கடிகாரத்துக்கும் கேசுக்கும் என்னம்மா சம்பந்தம்? கத்தியா போடப் போற?” “பாதியில மணி மாறுனா ரெக்கார்டு குழம்பும் சார்.” “அதெல்லாம் எட்டு நிமிஷம்தானே, யாரு பாக்கப் போறா. ஆடிட்காரங்க ரிசப்ஷன்ல டீ குடிச்சிட்டிருக்காங்க. தட்டி விடு.” வைத்துவிட்டார். எட்டு நிமிஷம்தானே. எல்லாருக்கும் அது ‘தானே’. அம்மாவுக்கு, குழந்தை முகம் பார்க்கிற வரைக்கும்தானே. பெருமாள்சாமிக்கு, மத்தியானம் வரைக்கும்தானே. தண்ணீருக்குள் தலையை அமுக்கி வைத்துக்கொண்டு எட்டு நிமிஷம்தானே என்று சொல்ல முடியுமா? பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் தேனு ஒரு தடவை அப்படி உள்ளே போய்விட்டாள், நான் மேலே நின்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், கூப்பிட்டேனே தவிர குதிக்கவில்லை, பி.டி. மிஸ்தான் குதித்தாள். இப்போது ஏன் அது? ஏசியின் இரைச்சல் தண்ணீருக்குள் கேட்கிற இரைச்சல் மாதிரியே இருக்கிறது. மறுபடி இன்டர்காம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பதற்கு என் கை நீளவில்லை, அப்புறம் எடுத்தேன்.

“அக்கா, மறுபடி இறங்குச்சு” என்றாள் எப்சிபா. அவள் குரலில் திசையன்விளை இல்லை, ஒன்றுமே இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. “வந்துருச்சா?” “வந்துருச்சு. ஆனா மெதுவா வந்துச்சு.” “மேடம் என்ன சொல்றாங்க?” “இன்னும் பத்து நிமிஷம்தான, பாப்போம்னு சொல்றாங்க. மறுபடி இறங்குனா எடுத்துருவாங்க, அக்கா, நீங்க பயப்படாதீங்க. சும்மா சொல்லணும்னு தோணுச்சு, அதான்.” “தேனு?” “கடிகாரத்தையே பாத்துட்டிருக்காங்க.” வைத்துவிட்டாள். டாக்டருக்குத் தெரியும். டாக்டர் எத்தனை பிள்ளைகளை எடுத்தவர், மறுபடி இறங்கினால் எடுத்துவிடுவார். மறுபடி இறங்கி, மறுபடி வராவிட்டால்? ஸ்கேன் அறையில் அந்தப் பெண் ஜெல்லைப் பிதுக்கின சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும், ட்யூபில் காற்று வெளியேறுகிற அந்த அற்பமான சத்தம். அன்றைக்கும் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். நான் திரையில் இருந்த வரியை அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. அழித்துவிட்டு, மேஜைக்கு அடியில் கிடக்கிற பழைய சர்வருக்குள் போனேன். அதற்கு நான்தான் முதலாளி. நான் எதைச் சொல்கிறேனோ அது அதை நம்பும், அது சொல்வதைத் தியேட்டர் நம்பும். தியேட்டர் நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, குழந்தை மாதிரி, மணி என்ன, மணி என்ன என்று.

இத்தனை வருஷமாக இதைச் செய்யாதே என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறேன். கடிகாரத்தைக் கையால் தள்ளாதே, அது ஒரு ஆளிடம் சொன்ன பொய் இல்லை, அதைப் பார்த்து வேலை செய்கிற அத்தனை பேரிடமும் சொன்ன பொய். எந்த மருந்து எப்போது ஏறியது, எப்போது ரத்த அழுத்தம் இறங்கியது, எல்லாம் அந்த மணியில்தான் எழுதப்படும். என் தங்கைக்கே ஏதாவது ஆகி, யாராவது பிறகு தேடிப் பார்த்தால் எல்லாம் குழம்பிக் கிடக்கும், குழப்பியது யார் என்று என் பெயர் அங்கே இருக்கும். இதெல்லாம் தெரிந்தது. தெரிந்தது எல்லாம் ஒரு பக்கம் இருந்தது, விரல் ஒரு பக்கம் இருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தை அதன்மேல் ஏற்றினேன். அழுத்தினேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் மின்விசிறி முன்போலவே சுற்றியது. தியேட்டர் இன்னும் கேட்கவில்லை, கேட்கும், இப்போது கேட்கும், திருப்பி எடுத்துவிடலாம், இன்னும் எடுத்துவிடலாம், அது கேட்பதற்குள் பத்தைக் கழித்துவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடும், கழிச்சிருப்பேன்ல, அப்பா சோற்றைப் பிசைகிறார், கழிக்கவில்லை நான், பார்த்துக்கொண்டே இருக்கிறேன், திரையின் மூலையில் ஒரு வரி வந்து விழுந்தது. தியேட்டர் கேட்டது. பதில் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உட்கார்ந்திருந்தேன். கீபோர்டில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் துணுக்கு கிடந்தது, அதை ஊக்கால் எடுக்கப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது. ரெண்டு மாடிக்கு மேலே என்ன நடக்கிறது என்று காதை வைத்துக் கேட்டால் கேட்குமா என்று சுவரில் காதை வைத்தேன், ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் கண்டுபிடித்திருப்பார். யார்ரா இந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று சத்தம் போட்டிருப்பார். பெருமாள்சாமி தன் போனில் மணி பார்த்துக்கொண்டு வெளியே நிற்பார், அவர் போன் சிங்கப்பூரையோ தில்லியையோ கேட்டுச் சரியாகத்தான் சொல்லும், அதை எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. தியேட்டருக்குள் போன் கிடையாது, வெளியே இருக்கிறவர் உள்ளே பார்க்க முடியாது, தைத்து முடிக்க எப்படியும் அரை மணி ஆகும், இதெல்லாம் விரல் அழுத்துவதற்கு முன்பே எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டு முடித்திருக்கிறது. என்னைக் கேட்காமலே. எனக்கு என்னைக் கண்டு பயமாக இருந்தது. வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள். சொல்லட்டும். துடிப்பு மறுபடி இறங்கியிருக்குமா, இறங்கியிருந்தால் டாக்டரே எடுத்திருப்பாரே, நான் செய்ததற்குத் தேவையே இருந்திருக்காதே, தேவை இருந்ததா இல்லையா என்று இனி யாரால் சொல்ல முடியும்? எந்த சர்வரைக் கேட்பது? இன்டர்காம் அடித்தது.

“பொண்ணுக்கா!” எப்சிபாவுக்குத் திசையன்விளை திரும்பி வந்திருந்தது. “கேட்டுதா அழுகை? வெளிய வரைக்கும் கேட்டுருக்கும்னு பயந்துட்டேன், அப்படி ஒரு தொண்டை. நல்ல கலர், நல்ல எடை.” “தேனு?” “நல்லா இருக்காங்க, தைச்சிட்டிருக்காங்க.” “துடிப்பு ஏன் இறங்குச்சாம்?” “கொடி கழுத்துல ஒரு சுத்து இருந்துச்சு. அது நிறைய பிள்ளைங்களுக்கு இருக்குறதுதான். ஒண்ணுமே ஆகாமலும் இருக்கும், ஏதாவது ஆனாலும் ஆகும். மேடம் திரும்பிப் பாத்துட்டு, அட, மணி ஆயிடுச்சேன்னு டக்குனு ஆரம்பிச்சிட்டாங்க.” நான் நாற்காலியில் சாய்ந்தேன். முதுகு முழுக்க நனைந்திருந்தது, இந்தக் குளிரில். அவள் இன்னும் வைக்கவில்லை. “அக்கா.” “ம்.” “வார்டு கம்ப்யூட்டர்ல பிறந்த நேரம் போடுறேன், எடுக்க மாட்டேங்குது.” “என்ன சொல்லுது?” “நேரம் இன்னும் வரலைங்குது.” வார்டை நான்தான் காலையிலேயே சரிபண்ணியிருந்தேன். அங்கே சரியான மணி ஓடுகிறது. அதன் கணக்கில் இந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. எப்சிபாவே தொடர்ந்தாள். “வெளிய அந்தத் தாத்தா போனைப் பாத்துட்டே நடக்கிறாரு. இன்னும் ஆரம்பிக்கவே இல்லைனு நினைச்சிட்டிருக்காரு. மேடம் தாள்ல ஒண்ணரை தாண்டி எழுதிருக்காங்க.” அப்புறம் மறுபடி தணிந்து, “கடிகாரத்துல என்ன பண்ணுனீங்க, அக்கா?” என்றாள். நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன். “சரி, எனக்குத் தெரிய வேண்டாம். பிள்ளையை இப்ப என்ன செய்யட்டும்?” “வெளிய கொண்டு போகாத. தேனுகிட்டயே வை, எப்சிபா. அவ பக்கத்துலயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.” “அதுவும் நல்லதுதான்” என்றாள். “எப்பவும் உடனே வெளிய தூக்கிட்டுப் போயிருவோம். தாய்க்கு ஒரு தடவை காட்டுறதோட சரி.”

கேஸ் முடிந்தது என்று தகவல் வந்தபிறகு தியேட்டரை நாலு சர்வரோடும் சேர்த்தேன். பழையதை அணைத்தேன். அணைத்தபோது பிளக்கிலிருந்து ஒரு பொறி வந்தது, அவ்வளவுதான். மேனேஜருக்கு எல்லாம் பச்சை என்று மெசேஜ் போட்டேன், கட்டை விரலைக் காட்டிப் பதில் வந்தது. மேலே போனேன். யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டில் என் கால் எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு படியிலும் தெரிந்தது. பெருமாள்சாமி குழந்தையைக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், தள்ளிப் போகவில்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டார் போல. “ஜோசியர்கிட்ட சொல்லிட்டேம்மா. ராகு காலம் கழிஞ்சு, லட்சணமான நேரம்னாரு. ராஜயோகமாம்.” நரைத்த மீசை நடுங்கியது. அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை, பேத்தியைத் தூக்கத் தெரியாமல் தூக்கி நிற்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான். “நல்ல நேரந்தான் மாமா” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இருபது வருஷம் கழித்து எவனோ ஒருவன் வீட்டில் எவனோ ஒருவன் இந்தக் கட்டத்தை விரித்து வைத்து இவளைப் பார்ப்பான், ஆகும் என்பான், ஆகாது என்பான். நான் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ராகு காலம். திறக்காவிட்டால் இவளுடையது இல்லாத ஒரு நேரத்தில் இவள் கடைசிவரை இருக்க வேண்டும், அதற்குள் வைத்துப் பூட்டியவள் நான். அம்மா என் தோளைத் தொட்டு, “உள்ள போய் தேனுவைப் பாரு, கேட்டுட்டே இருக்கா” என்றாள். அம்மாவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேனு கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினேன், உறிஞ்சினாள். பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை, திரையை இழுத்து விட்டிருந்தார்கள். “பாத்தியாக்கா?” “பாத்தேன். உன் மூக்கு.” “என் பக்கத்துலயே போட்டிருந்தாங்க, ரொம்ப நேரம். என் கன்னத்தோட கன்னம். வேற யாருமே அவளை அப்பத் தொடல.” “ம்.” அவள் கண்ணைத் திறந்தாள். மருந்தில் கலங்கிய கண், ஆனால் என்னை நேராகப் பார்த்தது. “நான் கடிகாரத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். வேற எங்க பாக்குறது, தலையைக்கூடத் திருப்ப விடல.” நான் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டேன். “டாக்டர் மெஷினைப் பாக்கத் திரும்பினாங்க. அப்பத்தான் அது குதிச்சுது. இருபது இருந்த இடத்துல முப்பது.” வெளியே பெருமாள்சாமி யாருக்கோ போனில் பேத்தி பிறந்த நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அதைத் திரும்பவும் சொன்னார். தேனு மருந்து ஏறுகிற கையால் என் விரல்களைத் தேடிப் பிடித்தாள், அவ்வளவு பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “அது குதிச்சதை டாக்டர் கண்டுபிடிச்சிருவாங்களோன்னு, நான்தான்க்கா ‘ஒண்ணரை ஆயிடுச்சு’ன்னு சத்தமா மணியைப் படிச்சேன்” என்றாள்.